காக்கா ஆழி ஒட்டாத சேறு

இந்த லாரிங்க இப்போதைக்கு நகராது சார். உள்ள ஹார்பர் கேட்டைத் திறந்தாத்தான் நமக்கு விடிவு. உக்காருங்க. இந்தப் பையை மட்டும் மடியில வெச்சிக்கிறேன். உள்ள வெத்தலை இருக்குது, நசுங்கிடக் கூடாது.

விசேஷ வூடெல்லாம் இல்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். எங்க அண்ணன் அங்க இருக்கான், சீராளன்னு பேரு. சக்கரைக்காரன். வலது காலைக் கணுக்காலுக்கு மேல எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு எவனாவது வெத்தலை வாங்கிக்கினு போவானான்னு பாக்குறீங்க. தெரியுது. அதைச் சொல்லணும்னா கரண்ட்டுலருந்து சொல்லணும். பஸ்ஸும் நிக்குது, சொல்றேன்.

என் பேரு கோதண்டம். வயர்மேன். ஐ.டி.ஐ. படிச்சவன். புன்னைக்குப்பத்துல மீன் பிடிக்கிற வூட்டுல பொறந்து சேத்துல கை வைக்காதவன் நான் ஒருத்தன்தான். சின்னப் புள்ளையில ஒருநாள் எறக்கி விட்டாங்க. கால்ல வழவழன்னு ஏதோ ஊர்ந்துச்சு, ஏறிட்டேன். அப்பால எறங்கவே இல்லை. எங்கப்பா, சரி, இது படிக்கட்டும்னு விட்டுட்டாரு. அண்ணன் எறங்கினான். உனக்கும் சேத்து அவர்தான் எறங்கினாருன்னு எங்க அண்ணி இன்னி வரைக்கும் சொல்லும். நான் எறங்கச் சொன்னேனா?

எங்க ஊருல வலை கம்மி சார். கைதான். கழின்னா கடல் தண்ணி உள்ள வந்து போற உப்பங்கழி. அதுல தண்ணி வத்தினதும் இடுப்பளவுல எறங்குவாங்க. பனையோலையில பின்னின பறி, கூடை மாதிரி, அதைப் பல்லுல கடிச்சிக்குவாங்க. ரெண்டு கையாலயும் சேத்தைத் தடவிக்கினே போவாங்க. உள்ள பதுங்கின இறாலு கையில முட்டும், புடிச்சுப் பறியில போடுவாங்க. கால்ல ஒண்ணும் போடக் கூடாது. காலுதான் மொதல்ல சொல்லும், இங்க இருக்குது, இங்க இல்லைன்னு. அண்ணனுக்கு அந்தக் காலு அப்படிச் சொல்லும். அவன் எறங்கினா பறி ரொம்பாம ஏற மாட்டான். ஊரே சொல்லும், நான் சொல்லலை.

அப்பதான் காக்கா ஆழி வந்துது. ஆழின்னா சிப்பி மாதிரி. எங்க ஊரு மஞ்ச ஆழி மண்ணுக்குள்ள தனித்தனியா, மரியாதையா இருக்கும். இது கறுப்பு. கப்பலுக்கு அடியில ஒட்டிக்கினு எந்தத் தேசத்துலருந்தோ வந்துச்சுன்றாங்க. ஒண்ணு மேல ஒண்ணு, நாரு விட்டுக் கட்டிக்கினு, கழி அடி முழுக்க ஜமுக்காளம் விரிச்ச மாதிரி உக்காந்துடுச்சு. சேறே தெரியாது. இறாலுக்குப் பதுங்க எடம் இல்லை, மனுஷனுக்குக் கை வைக்க எடம் இல்லை. ஓரமெல்லாம் பிளேடு. மழை வந்து ஆத்துத் தண்ணி எறங்கினா உப்புக் கொறைஞ்சு செத்துப்பூடும்னு பெரியவங்க சொன்னாங்க. மழை வந்துச்சு, ஆத்துத் தண்ணியும் எறங்கிச்சு. அது நல்ல தண்ணியிலயும் வாயை மூடிக்கினு உக்காந்துச்சு. அப்பால ஆத்துப் பக்கமாவும் ஏறிச்சு.

கழி ஓரமா ஒரு கம்பெனி இருக்குது. பேரு வேணாம் சார். மெஷினைக் குளிர வைக்கக் கழித் தண்ணியை உறிஞ்சுவாங்க. ஆள் நிமிந்து நடந்து போகலாம், அவ்ளோ பெரிய குழாய். ஆழி அதுக்குள்ளயும் ஒட்டிக்கிச்சு. ஊருன்னு பாக்குமா, கம்பெனின்னு பாக்குமா. மருந்து ஊத்தினாங்க, மீன் மெதக்குதுன்னு ஊர் சண்டைக்குப் போச்சு. ஆளை விட்டுச் சுரண்டினாங்க, மறுபடியும் ஒட்டுச்சு. கடைசியா வினோதினி மேடம்னு ஒருத்தங்க வந்தாங்க. சின்ன வயசுதான். அவங்கதான் கரண்ட் போடலாம்னாங்க.

குழாய் வாய்க்கு முன்னாடி அடியை நல்லாச் சுரண்டிட்டு, வரிசை வரிசையா கம்பி நட்டாங்க. கரையில ஒரு ஷெட்டு. ஷெட்டுக்குள்ள ஒரு பொட்டி. பொட்டியிலருந்து கம்பிக்குக் கரண்ட் விட்டு விட்டுப் போவும். டிக் டிக்னு சத்தம் வரும். வூட்டுக் கரண்ட் மாதிரி ஆளை அடிக்கிறது இல்லை. தண்ணியில கை வெச்சா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், காயம் இருந்தா எரியும். மீன், இறாலு ஒண்ணும் கிட்ட வராது. அந்தப் பொட்டிக்கு ஆபரேட்டர் நான்தான். உள்ளூர் ஆளுக்கு வேலை குடுத்தோம்னு கம்பெனி காட்டணும்ல, அதுக்கும் ஆச்சு. மேடம் என்னை உக்கார வெச்சு எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. கோதண்டம் கோதண்டம்னுதான் கூப்பிடுவாங்க.

"பெரிய ஆழியை இது ஒண்ணும் பண்ணாது கோதண்டம். ஓடு ரெண்டையும் இறுக்கிச் சாத்திக்கிட்டு உள்ளயே இருந்துடும். இது குஞ்சுக்குத்தான். கண்ணுக்குத் தெரியாம தண்ணியில மிதந்துக்கிட்டே வரும், ஒட்டிக்க எடம் தேடும். கரண்ட் ஓடுற எடத்துல அதால உக்கார முடியாது, தாண்டிப் போயிடும். அதனால எப்பவும் ஓடணும். நீங்க நிறுத்துற நேரத்துல வர்ற குஞ்சு உக்காந்துக்கும். உக்காந்து ஓடு கட்டிடுச்சுன்னா, அப்புறம் கரண்ட் விட்டுப் புண்ணியம் இல்லை"ன்னாங்க.

தாண்டிப் போறது எங்க போவும் மேடம்னு கேட்டேன். வேற எங்கயாவது போவும்னாங்க. வேற எங்கயாவதுன்னா எங்க கழிதான் சார். அதை நான் ஒண்ணும் பெருசா எடுத்துக்கலை. வேலைன்னு வந்துட்டா அதெல்லாம் பாக்க முடியுமா?

நான் நல்லாப் பாத்துக்கினேன். அதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. கரண்ட் போச்சுன்னா உடனே ஜெனரேட்டர். வாரா வாரம் கம்பியைத் தூக்கிக் கழுவுவேன். மழையோ புயலோ, நான் அந்தப் பொட்டி பக்கத்துலதான். என் வூட்டுக்காரி, உனுக்கு அந்தப் பொட்டிதான் பொண்டாட்டின்னு கிண்டல் பண்ணும். ஒரு வருஷத்துல பாத்தா, கழி முழுக்கக் கறுப்பு, குழாய் முன்னாடி மட்டும் ரெண்டு கபடி மைதானம் அளவுக்கு நல்ல சேறு. வெண்ணெய் மாதிரி சேறு. நான் காப்பாத்தின சேறு.

அப்பால ஒருநாள் மின்சாரம் போயி ஜெனரேட்டரும் மக்கர் பண்ணிச்சு. மெக்கானிக் வர்றதுக்குள்ள எத்திராஜ்னு எங்க ஊரு பையன் ஒருத்தன் பறியைக் கடிச்சிக்கினு எறங்கிட்டான். டேய் ஏறுடான்னு கத்தினேன், ஏறலை. ஏறும்போது பறி ரொம்பி வழியுது. இறாலுக்கும் மெத்துன்னு இருக்குற எடம் வேற இல்லை பாருங்க. கரண்ட் நின்ன நேரம் பாத்து எல்லாம் அங்க வந்து புதைஞ்சிருக்குது. அதோட ஊருக்குத் தெரிஞ்சு போச்சு.

எங்க ஊருல தண்ணி தனி ஆளுக்குச் சொந்தம் இல்லை சார். எடத்தைப் பாடுன்னு சொல்லுவோம். எந்தப் பாட்டுல எந்த வூடு எப்ப எறங்கணும்னு அம்மன் கோயில் முன்னாடி சீட்டு குலுக்கிப் போட்டு முறை வெப்பாங்க. பெத்த புள்ளைன்னாலும் முறை மாறி எறங்கக் கூடாது. இவ்ளோ காலமா கடல் பாடு, கழிப் பாடு, முகத்துவாரப் பாடுன்னு இருந்துச்சு. இந்த வாட்டி கரண்ட் கம்பி நட்ட எடத்துக்கு கம்பிப் பாடுன்னு பேரு வெச்சுச் சீட்டுல சேத்துட்டாங்க. உலகத்துல வேற எந்த ஊருலயாவது இப்படி நடந்திருக்குமா சொல்லுங்க.

ஊர்த் தலைவர் முனிரத்தினம், அவரோட பத்து பேரு, கம்பெனிக்கு நடையா நடந்தாங்க. குழாய்க்குக் குறுக்கப் படகைப் போடுவோம்னாங்க. சூப்பர்வைசருக்கு வம்பு வேணாம். வாரத்துல ரெண்டு நாளு, தண்ணி வத்துற நேரம் மட்டும் ஆஃப் பண்ணிக் குடு கோதண்டம்னு எங்கிட்ட சொல்லிட்டாரு. மேடம் அப்ப இல்லை, அவங்க வேலை முடிஞ்சு போயிட்டாங்க.

மேடம் சொன்னதை அப்பவே சூப்பர்வைசர் கிட்ட சொல்லலியான்னு கேப்பீங்க. கேட்டா சொல்லியிருப்பேன். அவரு கேக்கலை. அதுவும் இல்லாம, எனக்கு ஒரு எண்ணம் இருந்துச்சு. பாருங்க, எங்க ஊருல மாசச் சம்பளக்காரனுக்கு முறை கிடையாது. எங்கப்பா முறை அண்ணனுக்குப் போச்சு, எனக்கு ஒண்ணும் இல்லை. முறை இல்லாதவன் ஊருக்குள்ள இருந்தும் இல்லாதவன் மாதிரிதான். ஆடி மாசம் கோயில் பொங்கல்ல முறைக்காரன் ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லிக் கூப்புட்டு வெத்தலை குடுப்பாங்க. நான் ஓரமா மைக் செட்டுக்கு வயர் இழுத்துக்கினு நிப்பேன். ஆனா இது கம்பிப் பாடு. நான் காவல் காத்த சேறு. இதுல எனக்கு ஒரு முறை குடுக்காம இருப்பாங்களான்னு நெனைச்சேன். உனக்குத்தான் எறங்கவே தெரியாதேன்றீங்களா? அது வேற விஷயம் சார்.

சீட்டு போடுற அன்னிக்குக் கோயிலாண்ட போய் நின்னேன். சட்டையெல்லாம் துவைச்சுப் போட்டுக்கினு போனேன். எல்லாருக்கும் சீட்டு எழுதுறாங்க, எம் பேரு வரலை. நானே கேட்டேன்.

"கோதண்டம், உனுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருது. சேத்துல கை வெக்கிறவனுக்குத்தான் முறை. இன்னாடா புதுசா கேக்குற"ன்னாரு முனிரத்தினம்.

நான் அண்ணனைப் பாத்தேன். மொத வரிசையில குந்திக்கினு இருந்தான். என் தம்பிக்கும் ஒண்ணு போடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் வார்த்தைக்கு ஊருல மதிப்பு. அவன் தன் காலைத் தடவிக்கினு தரையப் பாத்துக்கினு இருந்தான்.

எனக்கு வந்துச்சு பாருங்க. எழுந்து சொன்னேன். "நீங்க கரண்ட்டை நிறுத்தி நிறுத்தி எறங்கினீங்கன்னா குஞ்சு உக்காந்துக்கும். மார்கழிக்குள்ள இந்தச் சேறும் கறுத்துப்பூடும். மேடமே சொல்லியிருக்காங்க."

"இது உனுக்கு எப்பலருந்து தெரியும்?"னு கேட்டாரு முனிரத்தினம்.

"மொத நாளே சொன்னாங்க."

"அப்ப இத்தினி நாளா நாங்க கம்பெனிக்கு நடந்தோமே, வழியில உன் ஷெட்டாண்டதானே நின்னு தண்ணி குடிச்சோம். அப்பல்லாம் வாய் எங்க போச்சு? முறை இல்லைன்னதும் வாய் வருதா?"

எல்லாரும் சிரிச்சாங்க. பொம்பளைங்ககூட சிரிச்சாங்க. நாயமான பேச்சா சார் அது? எப்ப சொன்னா இன்னா? சொன்னது நெசமா பொய்யா, அதைத்தானே பாக்கணும்? இன்னி வரைக்கும் எனக்கு அது ஆறலை.

சீட்டுல எத்திராஜுக்கு மொத முறை வந்துது. அண்ணனுக்குக் கடைசி.

இதுல அண்ணன் சங்கதி ஒண்ணு சொல்லணும். அவனுக்கு வேற எடமே இல்லை. கழியில எங்க கால் வெச்சாலும் ஆழி வெட்டும், சக்கரைக்காரனுக்கு வெட்டினா ஆறாது. ஏற்கெனவே ஒரு பெருவெரல் போயிருந்துச்சு. இன்னொரு வாட்டி கிழிச்சிக்கினு வந்தீங்கன்னா காலைக் காப்பாத்த முடியாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. பூட்ஸ் போட்டுக்கோன்னாங்க. பூட்ஸ் போட்டா காலு பேசாது, எறங்கி இன்னா பண்றதுன்னு அவன் கழிக்கே போறதில்லை. பறியை வூட்டு ஆணியில மாட்டிட்டு வாசல்ல குந்தியிருப்பான். அண்ணி நாலு வூட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போச்சு. கம்பிப் பாடுன்னு ஒண்ணு வந்ததும்தான் அந்தாளு மொகத்துல சிரிப்பைப் பாத்தேன்னு அண்ணியே சொல்லுச்சு. ஒரே ஒரு வாட்டி நல்ல சேத்துல எறங்கணும், அவ்ளோதான் அவனுக்கு.

எத்திராஜ் பொண்டாட்டி அப்ப நெறமாசம். புதுப் பாட்டுல மொத ஆளா எறங்காதன்னு அவங்க வூட்டுல சொல்லிட்டாங்க. அவன் அண்ணன் கிட்ட வந்து, நீ மொதல்ல எறங்கிக்கோ, உன் கடைசி முறையை நான் எடுத்துக்குறேன்னு கேட்டிருக்கான். முறைக்குள்ள மாத்திக்கலாம், அது தப்பில்லை. அண்ணன் யோசனை பண்ணிக்கினே ஷெட்டுக்கு வந்தான். அவன் என் ஷெட்டுக்குள்ள வந்தது அதான் மொத வாட்டி. வெத்தலையை மென்னுக்கினு அந்தப் பொட்டியையே பாத்துக்கினு நின்னான்.

"மொதல்ல எறங்கினா இப்ப இருக்குற பொடி இறாலுதான் கோதண்டம். கடைசின்னா மார்கழி. மழைத் தண்ணி வடிஞ்சு வர்ற இறாலு, ஒண்ணு ஒண்ணும் கை நெறைய இருக்கும். நான் கடைசியிலயே இருந்துக்கலாம்னு பாக்குறேன். ஆனா நீ சொன்ன மாதிரி அதுக்குள்ள ஆழி உக்காந்துடும்னா மொதல்லயே எறங்கிட்றேன். எனக்கு மட்டும் நெசத்தைச் சொல்லு. ஒட்டுமா?"

ஊர் நடுவுல நான் அசிங்கப்பட்டு நிக்கும்போது வாயைத் தொறக்காதவன் சார். இப்ப வந்து எனக்கு மட்டும் நெசத்தைச் சொல்லுன்றான்.

"ஒட்டாது போ. வயித்தெரிச்சல்ல சொன்னேன். நீ கடைசியிலயே எறங்கு"ன்னேன்.

"நானும் அப்படித்தான் நெனைச்சேன்"னு சிரிச்சான். மடியிலருந்து வெத்தலை எடுத்து எனக்கும் ஒண்ணு நீட்டினான். நான் வாங்கலை.

கோவத்துல ஒரு பேச்சு வர்றதுதான். அண்ணன் தம்பிக்குள்ள ஆயிரம் பேசுவோம். அதைப் புடிச்சிக்கினு அவன் மார்கழி வரைக்கும் குந்தியிருப்பான்னு நான் கனவா கண்டேன்? கூடப் பொறந்தவன் மொகத்தைப் பாத்தா நெசம் எது, பொய் எதுன்னு தெரியாதா ஒருத்தனுக்கு?

தோ, கண்டக்டர் எறங்கி டீ குடிக்கப் போறாரு. அப்ப நேரம் ஆவும்.

ஆவணியில ஆரம்பிச்சுது. தண்ணி வத்தினதும் முறைக்காரன் வந்து ஷெட்டாண்ட நிப்பான். கோதண்டம், அணைச்சுடுன்னுவான். அணைப்பேன். டிக் டிக் நின்னுடும். அவன் எறங்குவான். தண்ணி ஏற ஆரம்பிச்சதும் கையைத் தட்டுவேன், ஏறிடுவான், போட்டுடுவேன். யாரு மேலயும் எனக்குப் பாரபட்சம் கிடையாது. முனிரத்தினத்துக்கும் அதே நேரம், எத்திராஜுக்கும் அதே நேரம். எத்திராஜோட மொத முறையை வேற ஒருத்தன் மாத்திக்கினான், கொழந்தை பொறந்த அப்பாலதான் எத்திராஜ் எறங்கினான். மொதல்ல எறங்கினவன் நல்லாத்தான் அள்ளினான்.

ஐப்பசியில கம்பியைத் தூக்கிக் கழுவும்போது கையில நரநரன்னு இருந்துச்சு. தவிடு மாதிரி. வெளிச்சத்துல வெச்சுப் பாத்தேன். ஆழிக் குஞ்சுதான். கம்பியிலயே இருக்குதுன்னா சேத்துல எவ்ளோ இருக்கும். கார்த்திகையில அது அவரை வெதை அளவுக்கு ஆச்சு.

ஏன் சொல்லலைன்னு அண்ணியும் கேட்டுச்சு. நான் எப்படிச் சொல்றது? எங்க ஊருல ஒரு வழக்கம் இருக்குது. முறை ஒரு சுத்து முடியற வரைக்கும், பாட்டுல எவ்ளோ கெடைச்சுது, அடி எப்படி இருக்குதுன்னு யாரும் வாயைத் தொறக்கக் கூடாது. கண்ணு பட்டுப் பாடு பட்டுப்போயிடும்னு. அதனால எறங்கி ஏறினவன் எவனும் சொல்லலை. கார்த்திகையில எறங்கினவங்க கையில துணி சுத்திக்கினு போனதை நானே பாத்தேன், வாயைத் தொறந்தாங்களா? முறை இருக்குறவனுக்கே பேச உரிமை இல்லை. முறையே இல்லாதவன் நான், நான் பேசலாமா? ஒரு வாட்டி பேசினேன், சிரிச்சாங்க. ஊர்ச் சட்டத்தை நீங்கதானே வெச்சீங்க. நான் அதுப்படி நடந்தேன். இதுல இன்னா தப்பு?

மார்கழி வந்துது. அண்ணன் முறை. குளிச்சு, நெத்தியில துண்ணூறு வெச்சிக்கினு, புதுசா பின்னின பறியோட வந்தான். அண்ணியும் கூட வந்து கரையில குந்திக்கிச்சு. கோதண்டம், அணைச்சுடுன்னான். எம் பேரை அவ்ளோ ஆசையா அவன் கூப்புட்டு ரொம்ப நாளு ஆச்சு. பூட்ஸ் போட்டுக்கோயேன்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துது. நல்ல சேத்துக்கு பூட்ஸ் எதுக்குன்னு கேப்பான். அதுக்கு நான் இன்னா சொல்றது? அணைச்சேன்.

மத்தவங்களுக்குக் குடுத்ததைவிட அவனுக்கு ஜாஸ்தி நேரம் குடுத்தேன் சார். இதை யாராவது சொல்றாங்களா பாருங்க. தண்ணி ஏற ஆரம்பிச்சுடுச்சு, நான் கை தட்டலை. அண்ணனாச்சே, நல்லா அள்ளட்டும்னு விட்டேன். அவன் நிமிரவே இல்லை. குனிஞ்சது குனிஞ்ச மாதிரி இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் தடவுறான். கையில வெட்டியிருக்கும், தெரிஞ்சிருக்கும், அப்பவே ஏறியிருக்கலாம்ல? ஏறலை. எங்கயாவது ஒரு எடத்துல சேறு மிச்சம் இருக்கும்னு தேடினானாம். அண்ணி அப்பால சொல்லுச்சு.

ஏறி வந்தப்போ பறியில அடியில நாலஞ்சு இறாலு கெடந்துச்சு. கை ரெண்டும் கீறலா இருந்துச்சு. என்னைப் பாத்தான். ஷெட்டைத் தாண்டி நடந்தான். ஷெட்டு படியெல்லாம் செவப்பா இருந்துச்சு, வெத்தலை எச்சில் துப்பிட்டுப் போறான்னு நெனைச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனைச்சேன். சக்கரைக்காரங்களுக்குக் கால்ல உணர்ச்சி மரத்துப்பூடுமாம் சார். பாதம் முழுக்கக் கிழிஞ்சிருக்குது, அவனுக்கே தெரியலை. இறாலு இருக்குற எடம் சொல்ற காலு, அது எப்பவோ பேச்சை நிறுத்திடுச்சு. அவன்தான் யாரு கிட்டயும் சொல்லலை. நான் பொட்டியைப் போட்டுட்டு, படியைக் கழுவி விட்டேன்.

பொங்கலுக்கு முன்னாடி காலு கறுத்துச்சு. அப்பால ஆஸ்பத்திரி.

கம்பெனிக்காரங்க குழாய்க்குள்ள பாத்தாங்க, அங்கயும் ஆழி. கரண்ட் சரிப்பட்டு வரலைன்னு முடிவு பண்ணிட்டாங்க. கம்பியைப் புடுங்கிட்டாங்க, பொட்டியைக் கழட்டி எடுத்துக்கினு போயிட்டாங்க. கடலுக்குள்ள குழாய் போடப் போறாங்களாம். கடல்லருந்துதான் அது வந்துது, அங்க போய் இன்னா பண்ணுவாங்களோ. எனக்கு வேலை இல்லைன்னுட்டாங்க. மேடம் போன் நம்பர் இருந்துச்சு, பண்ணிப் பாத்தேன். எப்பவும் ஓடணும்னு சொன்னேனேன்னாங்க. ஆமா மேடம்னு வெச்சுட்டேன். ஷெட்டு காலியா கெடக்குது. சில நாள் காதுல டிக் டிக்னு கேட்டுக் கண்ணு முழிச்சிக்குது. எழுந்து போய்ப் பாக்க ஒண்ணும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை முனிரத்தினம் ஆள் அனுப்பிக் கூப்புட்டாரு. போனா, உக்காருன்னு சேர் போட்டாரு. எனக்குச் சேர் போட்டது அதான் மொத வாட்டி.

"உனுக்கு இனி சம்பளம் இல்லை. சீராளனால இனி எறங்க முடியாது, அவனுக்குப் புள்ளையும் இல்லை. வழக்கப்படி அவன் முறை தம்பிக்கு வரணும். ஆனா அவன் வாயால சொல்லணும், இல்லைன்னா வெத்தலையைத் தொட்டுக் குடுத்து அனுப்பணும். அவன் தொட்ட வெத்தலையைக் கொண்டாந்து அம்மன் முன்னாடி வெச்சுடு, உம் பேரைச் சேத்துக்குறோம்"னாரு.

அதுக்குத்தான் இது. காலையில வாங்கினது.

அந்த முறையை வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறேன்னு கேக்குறீங்களா? ஒண்ணும் பண்ண முடியாது சார். கம்பிப் பாடும் கறுப்பு, கழியும் கறுப்பு. எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரு சாண் சேறு கெடையாது. எத்திராஜ் கன்டெய்னர் யார்டுல செக்யூரிட்டிக்குப் போயிட்டான். இனிமே அந்தத் தண்ணியில யாருக்கும் ஒண்ணும் இல்லை. எனக்கு நம்பிக்கைன்னு எதுவும் கிடையாது, உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும். ஆனா முறை முறைதானே. வர்ற ஆடியில வெத்தலை குடுக்கும்போது கோதண்டம்னு எம் பேரைக் கூப்பிடுவாங்க. நான் வயரைக் கீழ போட்டுட்டு முன்னாடி போய் வாங்குவேன்.

முந்தாநாளே ஒரு வாட்டி போனேன். அண்ணன் முழிச்சிக்கினுதான் இருந்தான். என்னைப் பாத்ததும் கண்ணை மூடிக்கினான். பக்கத்துல குந்தி எல்லாத்தையும் எடுத்துச் சொன்னேன். மேடம் சொன்னது, ஊர் சிரிச்சது, வழக்கம், எல்லாம். நான் பேசப் பேச அவன் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கினான். தூங்குற ஆளு மாதிரி இல்லை. அண்ணி என்னை வெளிய போன்னு சொல்லுச்சு. மருந்து மயக்கமா இருக்கும். வெத்தலையை நெஞ்சு மேல வெச்சிட்டு வந்தேன். திரும்பிப் பாத்தா கீழ கெடந்துச்சு. அவன் தள்ளலை, காத்துல விழுந்திருக்கும். மேல ஃபேன் ஓடிக்கினு இருந்துச்சு.

இன்னிக்குத் தொடுவான். பேச வேணாம், சும்மா வெரலை வெச்சாப் போதும்.

தோ, லாரி நகருது. கண்டக்டர் ஓடி வராரு பாருங்க. சார், உங்க பாட்டில்ல தண்ணி இருந்தா ரெண்டு சொட்டு இது மேல தெளிங்க. வெயில்ல காம்பு வாடுது. அவன் கையில குடுக்கும்போது பச்சையா இருக்கணும். போதும், போதும். கண்ணைத் தொறந்தான்னா தொடுவான் சார். தொடாம இருக்க, நான் அவனுக்கு இன்னா பண்ணிட்டேன்?